வேறு படகுகள்

சனிக்கிழமை இரவு மூன்று தலைப்புகள் கிடைத்துவிட்டன.
அலை. அச்சம். அமைதல்.
மூன்றும் அகரத்தில் தொடங்கியதில்
எனக்கே என்மேல் ஒரு மரியாதை.
அலைக்கு ஏழு நிமிடம், அச்சத்துக்குப் பத்து,
அமைதலில் குரலை இறக்கி ஒரு கண்ணீர்க் கதை
(வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது;
யாருக்கு நடந்தது என்பது
ஒவ்வொரு தடவையும் மாறும்).
ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குக் காத்திருக்கும்
கன்டெய்னர் லாரிகள்
இன்ஜினை அணைக்காமல் தூங்கின.

காசிமேட்டில் ஞாயிறு
கர்த்தருடைய நாள் ஆவதற்கு முன்னால்
மீனுடைய நாள்.
விடிவதற்குள் பட்டணமே திரண்டு வந்து
வஞ்சிரத்துக்கு விலை கேட்கும்.
ஆகவே எங்கள் ஆராதனை பதினொரு மணிக்கு.
பெண்கள் முழங்கை வரை கழுவிக்கொண்டு வருவார்கள்.
ஜெபத்தில் கை உயரும்போது
தப்பிய செதில் ஒன்றிரண்டு மின்னும்.
பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஐஸ் உடைக்கும் மிஷின்
எங்கள் பாட்டுக்கு ஒத்துவராத தாளம் போடும்.

மைக் செட் ஜெபசிங் கேட்டான்:
"எக்கோ எவ்ளோ வெக்கட்டும் பாஸ்டர்?"
"அமைதல்னு சொல்றப்ப ஏத்து."

வாசிப்புப் பட்டியலை நான் பார்க்கவில்லை.
அன்றைக்கு தேசம்மாளின் முறை.
நாற்பத்தாறு வயதில், மாடி அறை வகுப்பில்
எழுத்துக் கூட்டக் கற்றவள்.
அவள் மகன் போன ஃபைபர் போட்
கார்த்திகைக் கடைசியில் போனது.
இன்ஜின் மூடி மட்டும்
பழவேற்காட்டில் ஒதுங்கியது.

சுட்டுவிரல் வரிக்கு அடியில் நகர நகரப் படித்தாள்.
சாயங்காலம் ஆயிற்று என்றாள்.
அவரைப் படகில் கொண்டுபோனார்கள் என்றாள்.
கூடவே வேறு படகுகளும் இருந்தன என்றாள்.
விரல் நின்றது.

இருபது வருஷத்தில் இந்தப் பகுதியை
பதினான்கு தடவை பிரசங்கித்திருக்கிறேன்.
காற்று அதட்டப்பட்டதை, சீஷர்கள் நடுங்கியதை,
பின்னணியத்துத் தலையணையை.
தலையணைக்கே ஒரு தடவை மூன்று தலைப்பு வைத்தேன்.
அந்தப் படகுகளை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள்.
மைக் முன்னால் நிற்பதை மறந்துவிட்டாள்;
அதனால் எல்லாருக்கும் கேட்டது, எக்கோவோடு:
"அந்த போட்டுங்க இன்னாச்சி பாஸ்டர்?
அதுல யாரு இருந்தாங்கோ? எய்தலையே."

ஐஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

தாளைப் பார்த்தேன்.
அலை இருந்தது. அச்சம் இருந்தது.
காற்று நின்றபோது அவற்றுக்கும் சேர்த்துத்தானே நின்றிருக்கும்
என்று ஒரு பதில் வாய்வரை வந்தது.
நல்ல பதில்தான்.
அண்ணா நகரில் சொல்லியிருப்பேன்.
இங்கே பாயில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்,
காற்று நிற்பதற்குள்
எவ்வளவோ நடந்துவிடும்.

"எழுதலம்மா" என்றேன். "எனக்கும் தெரியல."
ஜெபசிங், கேட்காமலே, எக்கோவை அணைத்தான்.

பிறகு நடந்ததைப் பிரசங்கம் என்று
சபைக் குறிப்பேட்டில் எழுத முடியாது.
பின்னால் இருந்து பரசுராமன் ஒரு படகின் பெயரைச் சொன்னான்.
யாரோ இன்னொன்று.
கன்னியம்மாவுக்கு அண்ணன் போன படகின் பெயர் மறந்திருந்தது,
நிறம் நினைவிருந்தது. பச்சை.
அதையும் எழுதிக்கொண்டேன்.
மூன்று தலைப்புகளின் முதுகில்
பதினொரு படகுகள்.
மணி ஒன்றேகால்.
காணிக்கை எடுக்கவே மறந்துபோனோம்.

தேசம்மாள் அதுவரை உட்காரவில்லை.
"மீதிய படிக்கட்டா?"

விரல் எடுத்த இடத்தில்தான் இருந்தது.

"படிம்மா."

கா... ற்... று... என்று கூட்டத் தொடங்கினாள்.